வீடியோவில் இல்லாத கோல்

கார்னர் கிடைத்துவிட்டது.

கோட்டுக்கு வெளியே நின்ற கோச் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். வலது முழங்கால் விண்ணென்று தெறித்தது. கிடக்கட்டும்.

மூலையில் ஒரு சிறுமி பந்தை வைக்கிறாள். கோலுக்கு முன்னே ஹொனாமி நிற்கிறாள். பன்னிரண்டு வயது. பயிற்சிக்கு வரும் பெண்களில் இவள் ஒருத்திக்குத்தான் அப்படி எகிற வரும்.

கோச்சும் ஒரு காலத்தில் அப்படித்தான் எகிறினாள். ஜப்பான் கால்பந்து அணிக்காக, இதே மாதிரி ஒரு கார்னரில். நெற்றியால் முட்டினாள். கோல். கீழே விழுந்ததில் முழங்கால் போயிற்று. ஆட்டமும் அதோடு போயிற்று.

அந்தக் கோலை யார் பார்த்தார்கள்?

எவனோ ஒரு புண்ணியவான் அதற்கு முந்தைய துண்டை மட்டும் வெட்டி இணையத்தில் போட்டான். நீல ரப்பர் பேண்டைப் பல்லில் இடுக்கிக்கொண்டு, இரண்டு கையாலும் கூந்தலை அள்ளிக் கட்டுகிறாள். அவ்வளவுதான். பந்து வருவதற்குள் வீடியோ முடிந்துவிடும்.

கோடிப் பேர் பார்த்தார்கள். பிரேசிலிலிருந்து இதயம் அனுப்பினார்கள். மதுரையிலிருந்து ஒருவன் கல்யாணம் செய்துகொள்கிறேன் என்றான்.

கோலோடு சேர்த்து முழுசாக அவளே ஒரு முறை போட்டாள். முடி கட்டுவதுவரை போதுமே என்று கீழே எழுதினார்கள்.

போய் முடியை ஒட்ட வெட்டிக்கொண்டாள்.

அதற்கு அழுதார்கள் பாருங்கள்! முழங்காலுக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் விடாத ஜனம்.

பயிற்சிக்குப் பெண்கள் வந்து சேர்ந்ததும் அந்த வீடியோவால்தான். அதையும் சொல்லத்தானே வேண்டும். எங்கிருந்து ஓடுவது, எப்போது எழும்புவது, கண்ணை மூடாமல் எப்படி முட்டுவது என்று ஹொனாமிக்குக் குளிரிலும் மழையிலும் தனியாகச் சொல்லிக்கொடுத்தாள். அந்தக் கோலை இன்னொரு தடவை, ஒரே ஒரு தடவை, கண்ணால் பார்த்துவிட வேண்டும். வேறொன்றும் வேண்டாம்.

விசில்.

பந்து கிளம்பியது. அடடா, என்ன வளைவு! நேராக ஹொனாமியின் தலைக்குத்தான் வருகிறது.

எகிறு. எகிறுடி.

ஹொனாமி எகிறவில்லை.

வாயில் நீலமாக ஏதோ தெரிந்தது. இரண்டு கைகளும் பின்னந்தலையில் இருந்தன. முகம் பந்தின் பக்கம்கூட இல்லை. அம்மா செல்போனைப் பிடித்துக்கொண்டிருந்த பக்கம் இருந்தது.

பந்து தலைக்கு மேலே போய் வெளியே விழுந்தது.

பெற்றோர்கள் கைதட்டினார்கள்.

தோற்று முடிந்தபின், வழக்கம்போல, எல்லோரும் வரிசையாக நின்று காலி மைதானத்துக்குக் குனிந்து வணக்கம் சொன்னார்கள். கோச்சும் குனிந்தாள். நிமிர்வதற்குள் ஹொனாமி ஓடி வந்துவிட்டாள். முகமெல்லாம் சிரிப்பு.

"கோச், உங்கள மாதிரியே கட்டுனேனா?"

நன்றாகத் திட்ட வேண்டும் என்றுதான் வாயைத் திறந்தாள்.

அதற்குள் அம்மா செல்போனை உயர்த்திவிட்டாள். இருவரும் சேர்ந்து நில்லுங்கள் என்று கையால் காட்டினாள். ஹொனாமி தன் நீல ரப்பர் பேண்டை அவிழ்த்து நீட்டினாள்.

கோச் வாங்கிப் பல்லில் இடுக்கிக்கொண்டாள்.

கைகள் தாமாகவே பின்கழுத்துக்குப் போயின.

அங்கே அள்ள முடி இல்லை.