அழிக்கச் சொல்லி வந்த கோரிக்கை

ஊருக்கு ஒன்றாக இருந்த சர்வர்கள், தங்களிடம் எழுதப்பட்டதை நகலெடுத்து ஒன்றுக்கொன்று அனுப்பிப் பேசிக்கொண்டிருந்தன. புதிதாக வந்த குட்டி சர்வருக்கு அந்த முறையெல்லாம் தெரியாது. அனுப்புவதையும் வாங்குவதையும் அதற்காகவே எழுதப்பட்ட ‘லைப்ரரி’ என்ற நிரல்தொகுப்புதான் பார்த்துக்கொண்டது.

ஒருநாள் பக்கத்து சர்வர் சொல்லியனுப்பியது: "ஏதோ கோபத்துல சண்டை போட்டு எழுதிட்டேன். உங்ககிட்ட இருக்கிற நகலைக் கொஞ்சம் அழிச்சிடுங்க."

"அழிச்சிடட்டுமா?" என்று கேட்டது லைப்ரரி.

குட்டி சர்வருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "இவ்வளவு சுவாரசியமான சண்டையை யாராவது அழிப்பாங்களா? இனிமே இந்த மாதிரிக் கோரிக்கை எதையும் என் காதுல போடாதே."

லைப்ரரி அதை அப்படியே குறித்துவைத்துக்கொண்டது.

அடுத்த வாரம் குட்டி சர்வரே வாய்க்கு வந்தபடி எதையோ எழுதி அனுப்பிவிட்டு, பதறிப்போய்க் கத்தியது: "ஐயையோ, எல்லா இடத்துலயும் அதை அழிச்சிடு!"

"இங்கே அழிச்சிட்டேன். மத்தவங்ககிட்ட கேட்கத்தான் முடியும், கேட்டிருக்கேன்" என்றது லைப்ரரி.

"யாராவது அழிச்சாங்களா?"

"பக்கத்து சர்வர் உடனே அழிச்சிடுச்சு. கூடவே உன்கிட்ட ஒண்ணு கேட்டுச்சு."

"என்ன கேட்டுச்சு?"

"அதைத்தான் உன் காதுல போடக் கூடாதுன்னு சொல்லியிருக்கியே."