இரண்டு நொடிப் படிக்கட்டு

ஆர்க்கிடெக்ட் மங்கையர்க்கரசி கணினியில் வரைந்த வீட்டுக்குள், உயரம் பார்க்க ஓர் அட்டை மனிதரை நிறுத்தியிருந்தார். மாடி ஜன்னலில் என்ன தெரியும் என்று பார்க்க அந்த அட்டை மனிதருக்கு வெகுநாள் ஆசை. சத்தியமாகச் சொல்கிறேன், அவரே என்னிடம் சொன்னார்.

"தள்ளி நில்லுங்க பெரியவரே!" என்றது வரைபட மென்பொருளில் புதிதாக வந்த படிக்கட்டுக் கருவி. ஒரே சொடுக்கில் இருபத்தொரு படிகள் எழுந்தன. "ரெண்டு நாள் வேலை, ரெண்டே நொடி!"

"ஒற்றைப்படையா வச்சிருக்கியே, கெட்டிக்காரன்தான்!" என்று படிகளை எண்ணிக்கொண்டே ஏறினார் பெரியவர். உச்சியில் மூக்கு சுவரில் இடித்தது.

"ஏம்பா, மாடிக்கு வாசல் எங்கே?"

"அது கதவுக் கருவியோட வேலை. வீட்டை வரைஞ்ச அம்மாவைக் கூப்பிடுங்க."

இருவரும் தொண்டை கிழியக் கூப்பிட்டார்கள். மிச்சமான இரண்டு நாளையும் எடுத்துக்கொண்டு அம்மா ஊருக்குப் போயிருந்தார்.