பத்திரமாக வைத்திருக்கிறார்கள்

எல்லையில் குண்டு வெடித்த நாளிலிருந்து ஹவில்தார் ஏகாம்பரத்தின் வலது கை நடுங்கியது. தூக்கத்திலும் அலறினார். மூன்று வருடம் பொறுத்து, ராணுவ மருத்துவர்களே அந்த ஒரு நாளின் நினைவை அவர் தலையிலிருந்து எடுத்துவிட்டார்கள். அலறல் நின்றது, நடுக்கம் நிற்கவில்லை.

ஊனமுற்றவருக்கான ஓய்வூதியம் கேட்டு மனைவி தனலட்சுமியோடு ராணுவ ஓய்வூதிய அலுவலகத்துக்குப் போனார். அதிகாரி அவருடைய நினைவுகளைத் திரையில் ஓட்டிப் பார்த்தார்.

"குண்டு வெடிச்சதா உங்க நினைவுல எங்கேயுமே இல்லையே. இப்பல்லாம் நினைவுதான் சாட்சி."

"நீங்கதானே சார் எடுத்தீங்க!" என்றார் ஏகாம்பரம்.

"அது சிகிச்சை. வேணும்னா திரும்ப ஏத்திக்கலாம், பத்திரமாத்தான் வெச்சிருக்கோம்" என்று சம்மதப் படிவத்தை நீட்டினார்.

ஏகாம்பரம் பேனாவை எடுத்தார். தனலட்சுமி அவர் கையை இறுகப் பிடித்தாள்.

"வேண்டாங்க."

"ஏன்? அப்படி என்னதான் இருக்கு அதுல?"

'அண்ணே, என்னை விட்டுட்டுப் போகாதீங்க' என்று யாரோ ஒருவனின் குரலில்தான் அவர் மூன்று வருடமும் அலறினார். அது அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

"ஒண்ணுமில்லீங்க" என்றவள், ஓய்வூதிய மனுவை எடுத்து அதிகாரியின் கண்ணெதிரிலேயே கிழித்துப் போட்டாள்.