மணப்பெண்ணின் தோளுக்குப் பின்னால்

முகூர்த்த நாளில் கோயில் மண்டபத்தில் பல கல்யாணங்கள் ஒரே நேரத்தில் நடக்கும். நான் ஒரு ஜோடியைப் படமெடுத்தால் பின்னால் இன்னொரு ஜோடியும் அதில் விழுந்துவிடும். பூங்கோதை அப்படித்தான் விழுந்திருந்தாள், யாரோ ஒரு மணப்பெண்ணின் தோளுக்குப் பின்னால், அரிசிமணி அளவில். அவளுக்குத் தாலி கட்டியவன் இப்போது அவளைத் தெரியவே தெரியாது என்கிறான். நாளை கோர்ட். அவர்களை வேறு யாரும் படமெடுக்கவில்லை.

அந்தப் படம் கேட்டு என் ஸ்டுடியோவுக்கு வந்தவளிடம் விலைப்பட்டியலைக் காட்டி விளக்கினேன். அளவு கூடக் கூட பிரிண்டின் விலை கூடும். ஃபைலுக்கு அதைவிட அதிகம், அதிலிருந்து எத்தனை பிரிண்ட் வேண்டுமானாலும் போடலாம் என்பதால்.

"இருக்கறதிலேயே பெரிசாப் போடுங்கண்ணே. காசு கொண்டாந்திருக்கேன்."

"வீண்மா. இங்க பாரு." கம்ப்யூட்டரில் அந்த மூலையைப் பெரிதாக்கினேன். கை வந்தது. மஞ்சள் கயிறு வந்தது. இன்னும் பெரிதாக்கியதும் அவன் முகம் கட்டம் கட்டமாக உடைந்தது. "படம்னாலே இந்தக் கட்டங்கதான். அவர் மூஞ்சிக்குக் கொஞ்சந்தான் விழுந்திருக்கு. பெரிசாக்கினா கட்டம்தான் பெரிசாகும், மூஞ்சி வராது. ரொம்பத் தள்ளி நின்னு பார்த்தா எல்லாம் ஒண்ணு சேர்ந்து ஆள் மாதிரி தெரியும்."

அவள் எழுந்து, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் பின்னாலேயே நடந்தாள். வாசலைத் தாண்டினாள். தெருவின் எதிர்ப்பக்கம் போய் நின்று கண்ணைச் சுருக்கினாள்.

"தெரியறாருண்ணே!" என்று அங்கிருந்தே கத்தினாள். "ஜட்ஜு எவ்வளவு தூரத்துல உக்காந்திருப்பாரு?"