ஓடைச் சரிவு யாருக்கு?

"இந்தத் தடவை சீட்டை நான்தான் எடுப்பேன், அத்தை."

மாமியாருக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"நீ எதுக்கும்மா? எப்பவும் நான்தானே எடுக்கறேன்?"

"அதான் எப்பவும் கழுகுப் பாறையே விழுது. உங்க கைராசி அப்படி. என் கையையும் கொஞ்சம் பார்ப்போம்."

இருவரும் சங்கத்துக் கொட்டகைக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். மலையில் காட்டுப் புதினா பூத்துவிட்டது. இனி மூன்று மாதத்துக்கு அதை அறுத்து வந்து, செப்புக் கொப்பரையில் அடைத்து, ஆவி ஏற்றி எண்ணெய் வடிப்பதுதான் பதினோரு வீட்டுக்கும் வேலை. எல்லாரும் ஒரே இடத்தில் கைவைத்தால் செடி அடியோடு போய்விடும் என்று வீட்டுக்கு ஒரு சரிவு பிரித்திருந்தார்கள். யாருக்கு எது என்பது குலுக்கலில் தெரியும்.

ஓடைச் சரிவு கொட்டகைக்குப் பின்னாலேயே இருக்கிறது. பத்து நிமிஷ நடை. கழுகுப் பாறைக்கு ஏறவே மூன்று மணி நேரம் ஆகும்.

மருமகளுக்கு மத்தியானம் இரண்டு மணிக்கு டிரைவிங் கிளாஸ் கிடைத்திருந்தது. சங்கத்து வேனைத் தானே ஓட்ட வேண்டும் என்று ஒரு வருஷமாக அவளுக்கு ஆசை. கழுகுப் பாறை விழுந்தால் இந்த சீசனுக்குக் கிளாஸ் அம்பேல்.

"நானும் வந்ததுலேருந்து பார்க்கறேன், ஓடைச் சரிவு விசிலக்காவுக்கே விழுதே, அது என்ன மாயம்? செகரட்டரிக்குக் கொழுந்தியான்னா சீட்டுக்குக்கூடத் தெரிஞ்சுடுமோ?"

"மெதுவாப் பேசு. யார் காதுலயாவது விழப்போகுது."

"விழட்டுமே. நான் என்ன பொய்யா சொல்றேன்?"

விசிலடித்துக்கொண்டே அறுப்பதால் அவள் விசிலக்கா. ஒருமுறை பாறையில் வழுக்கி விழுந்து முழங்கால் போனது. கொட்டகையில் உட்கார்ந்து இலை ஆயச் சொன்னதற்கு, "என் பேரை அடிச்சுடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனவள், ஒரு வாரம் இந்தப் பக்கமே எட்டிப் பார்க்கவில்லை. குலுக்கலில் அவள் பேரும் உண்டு என்று செயலாளர் சொன்ன பிறகுதான் வந்தாள். இன்றைக்கும் கால் எப்படி இருக்கிறது என்று கேட்டால் போதும், "ஏன், ஓட்டப் பந்தயம் வைக்கலாமா?" என்பாள். வாய்க்கு மட்டும் குறைச்சல் இல்லை என்று மருமகள் நினைத்துக்கொண்டாள்.

கொட்டகையில் எல்லாரும் கூடிவிட்டார்கள். செயலாளர் பிஸ்கட் டின்னோடு உட்கார்ந்திருந்தார். சீட்டை எடுத்து, உரக்கப் படித்துவிட்டு, கொப்பரைக்கு அடியில் அடுப்பில் போட்டுவிட வேண்டும். முதல் நெருப்பு அதில்தான். ஆதாரத்தையும் கையோடு எரித்துவிடுகிறார்கள், கெட்டிக்காரர்கள்தான் என்று மருமகளுக்குப் பட்டது.

"எங்க வீட்டுக்கு இந்தத் தடவை நான் எடுக்கறேன்" என்று அறிவித்தாள்.

செயலாளருக்குப் புரையேறியது.

"அது வந்தும்மா... வீட்டுல பெரியவங்க எடுக்கறதுதான் வழக்கம்."

"ஆமாமா, அதான் வழக்கம்" என்றார்கள் நாலைந்து பேர் ஒரே குரலில்.

"சங்கத்து விதியில அப்படி எழுதியிருக்கா?"

செயலாளர் மாமியாரைப் பார்த்தார். மாமியார் கொட்டகைக் கூரையைப் பார்த்தாள்.

"எடுக்கட்டுமே" என்று குறுக்கே வந்தது விசிலக்காதான். "யார் எடுத்தா என்ன? குலுக்கல்னா குலுக்கல். முதல்ல என்னை விடுங்க."

வழக்கம்போல முதல் சீட்டை அவளே எடுத்தாள். பிரித்தவள் உதட்டைப் பிதுக்கினாள்.

"சே, மறுபடியும் ஓடைச் சரிவு. இந்தத் தடவையாவது மேலே ஏறலாம்னு பார்த்தேன்."

"விடுக்கா, அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்" என்று ஆளாளுக்குத் தேற்றினார்கள். சீட்டு அடுப்புக்குள் போனது.

என்ன நடிப்பு என்று மருமகளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. டின்னைத் தானே வாங்கி மூன்று முறை குலுக்கினாள். கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுத்துப் பிரித்தாள்.

ஓடைச் சரிவு.

அப்படியானால் ஓடைச் சரிவுக்கு இரண்டு சீட்டா? கையும் களவுமாகப் பிடித்துவிட்ட சந்தோஷத்தில் டின்னுக்குள் எட்டிப் பார்த்தாள். பாதி பிரிந்து கிடந்த சீட்டிலும் ஓடைச் சரிவு. விரலால் தள்ளி அடுத்ததைப் பார்த்தாள். அதுவும் ஓடைச் சரிவு.

நிமிர்ந்தாள்.

செயலாளர் நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டிருந்தார். இன்னும் சீட்டு எடுக்காத ஒன்பது வீட்டுக்காரர்களும் மூச்சுவிடாமல் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். மாமியார் கண்ணாலேயே கெஞ்சினாள்.

மருமகளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. மாமியாரின் கைராசியில் ஒரு குறையும் இல்லை. இத்தனை வருஷமும் எல்லாரும் ஓடைச் சரிவு என்று எழுதிய சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு, ஆளுக்கொரு மேட்டின் பேரைச் சொல்லியிருக்கிறார்கள். இவள் வாயில் எதுவும் தங்காது என்பதால் இவளுக்கு மட்டும் சொல்லவில்லை.

"என்னடி, பேச்சே காணோம்?" என்று கேட்டாள் விசிலக்கா. காலைத் தேய்த்துக்கொண்டிருந்த கையைச் சட்டென்று எடுத்துக்கொண்டாள். "எங்கே விழுந்திருக்கு, சொல்லு."

மருமகளுக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. கண்ணும் கலங்கியது. இரண்டு மணி கிளாஸை அடுத்த வருஷத்துக்குத் தள்ளிவைத்துவிட்டு, சீட்டை நன்றாகக் கசக்கி அடுப்புக்குள் எறிந்தாள்.

"எங்க அத்தை கையைச் சும்மா குறை சொல்லிட்டேன்க்கா. என் கை அதைவிட மோசம். கழுகுப் பாறை."