மைனஸ் இருபது

“கரண்ட் போய் ரெண்டு மணி நேரம் ஆவுது. மூச்சு முட்டுதுங்க” என்றாள் ஹில்டா.

வால்டர் முறைத்தார். “நம்ம டெரிக் பனியில துப்பாக்கியப் புடிச்சிகினு நிக்கிறான். மைனஸ் இருபது! உனுக்கு ஃபேன் இல்லன்னா பேஜாரா?”

அந்த மைனஸ் இருபது ராயபுரத்தில் அவர்கள் தெருவுக்கே மனப்பாடம். தண்ணி லாரி வராவிட்டாலும் அதுதான், சாக்கடை பொங்கினாலும் அதுதான். மகன் பட்டாளத்தில் இருக்கும்போது பெற்றவர்கள் முனகுவது வால்டருக்குத் துரோகம்.

மறுநாள் தண்ணீர்க் குடத்தோடு படியேறிய ஹில்டா பாதியில் உட்கார்ந்துவிட்டாள்.

“நெஞ்சு அடைக்குதுங்க. இடது கை மரத்துப்போச்சு. ஆஸ்பத்திரிக்குப் போலாமா?”

“அந்தக் குளிருல அவன் கை இன்னா ஆவும்னு யோசிச்சியா?”

ஹில்டா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். பிறகு குடத்தைத் தூக்கிக்கொண்டாள்.

அன்று சாயங்காலமே போய்விட்டாள்.

மறுநாள் மதியம் டெரிக் வந்து, சவப்பெட்டியில் கிடந்த அம்மாவைக் கட்டிக்கொண்டு அழுதான். வால்டர் அவன் தோளைத் தொட்டார்.

“பனிமலையிலேர்ந்து எப்பிடிடா இவ்ளோ சீக்கிரம் வந்தே?”

“இன்னா பனிமலை? போன வருசமே என்னை ஜபல்பூர் ஸ்டோருக்கு மாத்திட்டாங்களே. ஃபேனுக்குக் கீழ உக்காந்து கணக்கு எழுதிகினு கீறேன். அம்மாவுக்குத் தெரியுமேப்பா.”

“எனுக்கு ஏன்டா சொல்லல?”

“அம்மாதான் வேணாம்னுச்சு. தெருவெல்லாம் சொல்லிகினு பெருமையா கீறாரு, அத கெடுக்காதேன்னுச்சு.”