எட்டு இஞ்ச் பொய்

"உன்னை நல்லா ஏமாத்தியிருக்காங்க மலர். சும்மா விடக்கூடாது" என்றபடி அம்சவல்லியின் தையல் கடைப் படியேறினாள் காயத்ரி. மலர்கொடிக்குப் பக்கத்து குவார்ட்டர்ஸ்காரி.

பின்னாலேயே மூச்சு வாங்க வந்தாள் மலர்கொடி. மைன்ஸ் ஆபீசில் வேலை. எடை குறைக்கிற ஆபரேஷனுக்காக ஒரு வருஷமாகக் காத்திருக்கிறாள்.

அம்சவல்லி அளவெடுத்துச் சத்தமாகச் சொல்லுவாள். புருஷன் தெய்வசிகாமணி நோட்டில் எழுதிக்கொள்வார். அந்தக் கடையில் அதுதான் வழக்கம்.

"என் மார்பளவு என்னக்கா?" என்றாள் மலர்கொடி.

அம்சவல்லி கொஞ்சம் தயங்கினாள். "நாப்பத்திரண்டுங்க."

"ஆஸ்பத்திரியிலயும் அதத்தான் சொன்னேன். நர்சு டேப்பை வெச்சா அம்பது வருது."

டேப்பு தப்பு என்று அந்த நர்சோடு சண்டையே போட்டிருக்கிறாள். மனநல டாக்டர் கையெழுத்துப் போட்டால்தான் ஆபரேஷன். அவரோ, உங்க உடம்பை நீங்களே ஒத்துக்க மாட்டேங்குறீங்க, ஆறு மாசம் கவுன்சிலிங் வாங்க, அப்புறம் பார்க்கலாம் என்று ஃபைலை மூடிவிட்டாராம்.

"மூணு வருஷமா கண்ணாடி ஒருத்தியக் காட்டுது, உங்க டேப்பு வேற ஒருத்தியச் சொல்லுது. நான் டேப்பைத்தான் நம்புனேன். இதுல நான் யாரு அக்கா?"

அவளுக்குக் குரல் உடைந்தது. காயத்ரிக்கு உடையவில்லை. ஒரு பொம்பளை மனசோட விளையாடுறதா, இனி எங்க பிளாக்கிலிருந்து ஒருத்தி இந்தக் கடைக்கு வருவாளா பார், போர்டைக் கழட்ட வைக்கிறேன் என்று பொரிந்து தள்ளினாள்.

அம்சவல்லி மலர்கொடியை மட்டும் பார்த்துப் பேசினாள்.

"தப்புதாங்க. மொத நாளு அம்பதுன்னுதான் சொன்னேன். அடுத்து அளவு குடுக்க உக்காந்துகினு இருந்தவங்க சிரிச்சிட்டாங்க. நீங்க செவுத்தப் பாத்துகினு நின்னீங்க, திரும்பவே இல்ல. தோளு நடுங்குச்சு. எனக்கு மனசு கேக்கல. டேப்பு பிசகிடுச்சுன்னு சொல்லி நாப்பத்திரண்டுன்னு மாத்திச் சொன்னேன். அன்னையிலேர்ந்து நான் எட்டு கொறச்சிச் சொல்லுவேன், இவரு எட்டு கூட்டி எழுதிக்குவாரு."

மலர்கொடிக்கு அந்தச் சிரிப்பு ஞாபகம் வந்தது. அதற்கப்புறம் எத்தனையோ நாள் கல்யாணம், காதுகுத்து எதற்கும் போகாமல் கதவைச் சாத்திக்கொண்டு கிடந்தாள்.

"சிரிச்சது யாருக்கா?"

"அது வேணாங்க, வுடுங்க."

"என் நெஜ அளவையாவது காட்டுங்க. என் கண்ணால நான் பாக்கணும்."

அம்சவல்லி கண்ஜாடை காட்டுவதற்குள், தெய்வசிகாமணி பழைய நோட்டைத் தேடியெடுத்து, அந்தப் பக்கத்தைப் பிரித்து நீட்டிவிட்டார்.

மலர்கொடி, ஐம்பது.

அதே தேதியில், அதற்கு அடுத்த வரியில்: காயத்ரி, முப்பத்தாறு.